நாம் கற்பித்த பயம்

தரம் பத்தில் இரண்டு மாணவர்கள் ஒரே பிழையை விட்டார்கள். ஒரே வார்த்தைகளால், வகுப்பின் முன்னிலையில், இருவரையும் கண்டித்தேன். ஒருவன் மறுநாளே மறந்துபோய்ச் சிரித்தான். மற்றவன் இயல்பிலேயே வாய் திறக்காத பிள்ளை. அதன்பின் கரும்பலகைக்கு அழைத்தாலே அவனுக்கு வியர்த்தது. என் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே தலை குனிந்தான்.

நான் இருவரையும் சமமாகத்தானே நடத்தினேன்? அப்படியானால் நீதியாக நடந்தேன் என்று சொல்லலாமா?

1920இல் வொட்சனும் ரெய்னரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். குழந்தையொன்று வெள்ளை எலியைத் தொடும்போது, பின்னாலிருந்து இரும்புத் துண்டில் சுத்தியலால் அடித்தார்கள். குழந்தை எலிக்கு மட்டுமன்றி முயலுக்கும் அஞ்சத் தொடங்கியது. பயமும் கற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் எல்லோரும் அதை ஒரேயளவில் கற்பதில்லை. ஜெரோம் கேகன் ஆண்டுக்கணக்கில் அவதானித்த, புதியதைக் கண்டால் ஒதுங்கும் சுபாவமுள்ள பிள்ளைகளுள் எல்லோரும் அல்ல, ஒரு பகுதியினர் பதின்ம வயதில் பதகளிப்புக்கு ஆளாகினர். அந்தச் சுபாவம் அவர்கள் தேடிக்கொண்டதல்ல. அதைத் தெரிந்துகொண்டு நடப்பது ஆசிரியனின் கடமை.

கற்ற பயத்தை மாற்றவும் முடியும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்தபடி, முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். அதற்குப் பொறுமை வேண்டியிருந்தது.

வொட்சனின் குழந்தையோ பயம் நீக்கப்படாமலே அங்கிருந்து சென்றது. என் மாணவனும் அப்படித்தான் பாடசாலையை விட்டுப் போனான்.