மலைமகளின் பங்கு

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நின்று மேற்கே நோக்குவோர்க்குக் கல்வராயன் மலை கண்ணுக்கு விருந்து. அம்மலைமீது வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோ நெடுங்காலம் நம்மவரின் நகைப்புக்குப் பொருள்! (கேரளத்து மலையாளிகள் அல்லர் இவர்கள்; தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) சாமையும் தினையும் கேழ்வரகும் விளைப்பவர், கரிராமனைக் கும்பிடுபவர், காஞ்சியினின்று வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழியினர் என்று கதை சொல்பவர் என்ற அளவோடு நம் அறிவு நின்றுவிட்டது.

அவர்தம் வழக்கத்தைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! பெண்ணைப் பெற்றவர் வரதட்சணைக்கு ஓடி அலைவது அவர்தம் மரபன்று. மணமகன் வீட்டார் பரிசம் தருவதே முறை. கணவனை இழந்தவள் மறுமணம் புரியலாம். ஒவ்வாத மணத்தை ஊரார் அறிய முறித்துக்கொள்ளலாம். கீழே, கற்றோர் நிறைந்த நகரங்களிலே, 1856-இல் கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் வந்தபோது கலி முற்றிற்று என்று கதறினரே! யார் நாகரிகர்? யார் காட்டுமிராண்டி?

இதைக் கேட்டு மகிழ்வோர் சிலர் மறுகோடிக்கு ஓடுகின்றனர். மலையின் வழக்கம் அனைத்தும் மாசற்றது, தொடாதீர் என்கின்றனர். அப்படியாயின் ஜாகீரும் வழக்கம்தானே! கிருஷ்ணதேவராயர் அளித்த கொடை என்று சொல்லிச் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் ஜாகீர்தார் வழியினர் அம்மலையை ஆண்டனர், வரி வாங்கினர், கூலியின்றி வேலையும் வாங்கினர். நாட்டுக்கு விடுதலை 1947-இல். ஜாகீர் ஒழிந்தது 1976-இல்! வாக்குச்சீட்டு அவர்தம் கைக்கு எட்டியது 1996-இல்தான் என்ற செய்தி, 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலே பேசப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் அடிமைத்தனத்துக்குப் பெயர் மரபு.

வழக்கம் ஒன்று வாழத் தக்கதா என்பதை அதன் வயது சொல்லாது. அதைச் சுமப்பவரைத்தான் கேட்க வேண்டும். மறுமணத்தைப் பற்றி மலைக் கைம்பெண்ணைக் கேளுங்கள். சொத்தைப் பற்றி மலைமகளைக் கேளுங்கள்.

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டிற்று. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. ஆயின் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மத்திய அரசு அறிவித்தாலன்றி அச்சட்டம் பழங்குடியினரைச் சாராது என்கிறது. அவர்தம் வழக்கத்தைக் காப்பதற்காம்! காத்த கை எவர் தலையில் விழுந்தது? மகளின் தலையில்!

மகளுக்குப் பங்கு கொடுத்தால் நிலம் அந்நியர் கைக்குப் போகுமே என்பர். அச்சம் பொய்யன்று, மலைநிலத்தை விழுங்கக் காத்திருப்போர் உண்டு. ஆனால் மகன் விற்றால் மட்டும் போகாதோ? அந்நியருக்கு விற்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் செய்யலாம். அதற்கு மகளை அந்நியளாக்க வேண்டுவதில்லை.

2022-இல் உச்சநீதிமன்றம், அப்பிரிவைத் திருத்துவது குறித்து எண்ணுமாறு மத்திய அரசைக் கேட்டது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் பழங்குடிப் பெண்ணுக்கும் சமப் பங்கு உண்டென்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அண்ணன் மறுத்தால், அதைக் காட்டிப் பங்கு கேட்க மலைமகள் இறங்கி வந்து வழக்கறிஞரைத் தேட வேண்டும். அண்ணனோ வீட்டிலிருந்தபடியே பெறுகிறான்.