எரித்தவனுக்குக் காசு

"வருஷா வருஷம் சோகைய எரிச்சவன், இனிமே எரிக்கமாட்டேன்னு கையெழுத்து போட்டா அவனுக்குக் காசு. இருபது வருஷமா எரிக்காம மூடாக்கு போட்டவனுக்கு ஒண்ணுமில்ல. இது இன்னாபா நியாயம்?"

கே.ஜி.கண்டிகையில் என் பெரியப்பா கேட்ட கேள்வி. கரும்பு, நெல், வேர்க்கடலை என்று திருத்தணி வட்டாரத்துக்கே உரிய பயிர்கள்தான் எங்கள் பக்கமும். வெட்டிய கரும்பு திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குப் போய்விடும், சோகை நிலத்திலேயே கிடக்கும். அதற்குத் தீ வைப்பதா, மட்க விடுவதா என்பது எங்கள் ஊரில் பழைய வழக்கு. கார்பன் கிரெடிட் என்று யாரோ வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து அந்த வழக்குக்குப் புது உயிர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவனுக்கு உலகத்தில் தெரியாத விஷயம் இருக்காது என்பது ஊர் நம்பிக்கை, அதனால் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

விஷயம் இதுதான். செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. அந்த உடம்பு மண்ணில் மட்கும்போது பெரும்பகுதி மறுபடி காற்றுக்கே போய்விடும், கொஞ்சம் மண்ணோடு தங்கும். தங்குவதுதான் அங்ககக் கரிமம். உலகத்து மண்ணின் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் கரிமம், காற்றில் இருப்பதைவிட அதிகம். 2015 பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் 'ஆயிரத்துக்கு நான்கு' என்றொரு திட்டத்தை முன்வைத்தது. மண்ணின் கரிமத்தை ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு கூட்டினால், மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் பெரும்பங்கைச் சரிக்கட்டிவிடலாம் என்பது அதன் கனவு. கிரெடிட் சந்தை அந்தக் கனவை டன் கணக்கில் விற்கிறது. ஒரு டன் கரியமில வாயு ஒரு கிரெடிட். விற்பவர் விவசாயி. வாங்குபவர் எங்கோ புகை விடுகிற கம்பெனி.

எவ்வளவு வரும்? அன்றைக்கு போனிலேயே கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் மேல்மண், அரை அடி ஆழம் வரைக்கும், சுமார் 850 டன் எடை. நம் ஊர் மண்பரிசோதனையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். 0.4 இருக்கிற நிலத்தை 0.5 ஆக்குகிறோம் என்று வையுங்கள். கூடுவது 0.1 சதவீதம், அதாவது 850 கிலோ கரிமம். அதை கரியமில வாயுவாக மாற்ற 3.67-ஆல் பெருக்கணும். மூன்று டன் சொச்சம், மூன்று கிரெடிட். நம் வெயிலுக்கு மட்கு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் இந்த 0.1-க்கே சில வருஷம் ஆகும், ஐந்து என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும், ஏக்கருக்கு வருஷம் 600 ரூபாய். அளக்கிறவர், சரிபார்க்கிறவர், நடுவில் நிற்கிற கம்பெனி எல்லாருக்கும் போக மிச்சம்தான் கைக்கு. "ஒரு ஆள் கூலிகூட தேறாது போலகீதே" என்றார் சித்தப்பா.

அதை அளப்பதும் லேசில்லை. 2015-இல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்குப் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. ஆறு ஏக்கருக்கு ஒரு பிடி மண். என் அட்டையில் இருக்கும் எண் பக்கத்து நிலத்துக்காரருடையதாகவும் இருக்கலாம். ஒரே வயலில் வரப்போரம் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு என்று இருக்கும்போது, 0.1 என்கிற மாற்றம் அந்த இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும். கோயம்புத்தூரில் 1909 முதல் ஒரே நிலத்தில், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மாற்றாமல், பயிர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தர உரப் பரிசோதனை என்று பெயர். தொழுவுரம் போட்ட பாத்தியில் கரிமம் கூடுதலாக நிற்பதை அங்கே உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அவர்களிடம் நூறு வருஷத்துக்கு மேல் பொறுமை இருந்தது. சந்தைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சரி, பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கிரெடிட் உலகத்தில் 'கூடுதல்தன்மை' என்றொரு விதி உண்டு. இந்தப் பணம் இல்லாவிட்டால் நடந்திருக்காத காரியத்துக்குத்தான் பணம். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் பேஸ்லைனுக்குள் போய்விடுகிறார். கேட்ட உடனே கோபம் வருகிற விதி இது. ஆனால் ஐந்து நிமிஷம் யோசித்தால் இதைவிட நேர்மையான விதி இருக்க முடியாது என்றும் படுகிறது. கிரெடிட்டை வாங்குகிற கம்பெனி அதைக் காட்டி ஒரு டன் புகையை விடுகிறது. பெரியப்பா எப்படியும் மட்க விட்டிருப்பார். அவருக்குப் பணம் கொடுப்பதால் காற்றிலிருந்து ஒரு கிராமும் புதிதாகக் குறையவில்லை. புகை மட்டும் கூடியிருக்கிறது. காற்றுக்கு ஆள் தெரியாது, வித்தியாசம் மட்டுமே தெரியும். அந்தக் கணக்கில் நேற்றுவரை எரித்து இன்றைக்கு நிறுத்தியவர்தான் மதிப்புள்ள மனிதர்.

அதாவது, காற்றுக்கு நேர்மையாக இருக்கிற விதி மனிதருக்கு அநியாயமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. நான் இதை 'பக்' என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். டிசைனே அப்படித்தான். (விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நெல் வயலில் மீத்தேனைக் குறைத்ததாகச் சொன்ன 37 சீனத் திட்டங்களை, கிரெடிட் பதிவு செய்கிற வெர்ரா அமைப்பு 2024-இல் நிராகரித்தது.) இன்னொன்றும் உண்டு. விதி தெரிந்த புத்திசாலி, திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு வருஷம் நன்றாக எரித்துவிட்டுப் பிறகு போய்ச் சேருவார். நம் ஆட்கள் அதைச் செய்யமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அவர் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்புக்கு முந்தைய மாதங்களில் கிராமத்தில் இருந்ததில்லை என்று அர்த்தம்.

முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்த்தால், பணம் கொடுப்பதில் இல்லை. அந்தப் பணம் இன்னொருவருடைய புகைக்கு அனுமதிச் சீட்டாக இருப்பதில் இருக்கிறது. நூறு நாள் வேலையில் ஏரி தூர் வாரியவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். நீ எப்படியும் வாரியிருப்பாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியம் இல்லை, ஏனென்றால் அந்தக் கூலியைக் காட்டி இன்னொரு ஊரில் ஒருவர் ஏரியைத் தூர்த்து பிளாட் போட்டுக்கொள்ளலாம் என்று யாருக்கும் சீட்டுக் கொடுக்கவில்லை. கூலியாக இருந்தால் பெரியப்பாவுக்கும் கொடுக்கலாம், எரித்தவருக்கும் கொடுக்கலாம். பண்டமாக ஆனதும்தான் பெரியப்பா வெளியே நிற்கிறார்.

பிளாட் என்று சொன்னதும் அடுத்த சிக்கல் ஞாபகம் வருகிறது. மண்ணில் சேர்த்தது மண்ணிலேயே இருக்கணும். ஆஸ்திரேலியாவில் மண் கரிமத் திட்டத்தில் சேருகிறவர் 25 வருஷமோ 100 வருஷமோ அதைக் காப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 25 என்றால் கிரெடிட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். நூறு வருஷம்! திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திரத்தில் இருந்தது. மாநிலமே மாறுகிற கால அளவுக்கு, வாய்மொழிக் குத்தகையில் மூன்று ஏக்கர் பயிர் வைக்கிற ஒருவர் எதை உறுதி சொல்வார்? பட்டா வேறொருவர் பேரில். உழுவதும், சாணி சுமப்பதும், ஆட்டுக் கிடை கட்ட ஆள் பேசுவதும் இவர். பட்டாதாரரின் மகன் நிலத்தை மனைக்கு விற்றால் ஜேசிபி ஒரே நாளில் மேல்மண்ணைச் சுரண்டிவிடும், ஐந்து வருஷத்து மூன்று டன்னும் போச்சு. நிலக்கரியிலிருந்து கிளம்பிய வாயுவில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான வருஷம் காற்றில் நிற்கும். அதற்கு ஈடு என்று நாம் வைப்பது ஒரு தகப்பன் தன் பிள்ளை சார்பில் கொடுக்கிற வாக்கு.

வாங்குகிற பக்கம் நான் இருக்கிற பக்கம். எங்கள் துறையில் 'நெட் ஸீரோ' என்பது ஆண்டறிக்கையில் ஒரு பக்கம், பச்சை இலைப் படத்தோடு. அந்தப் பக்கத்தை நிரப்பக்கூடிய ஒரு எண்ணுக்குப் பின்னால் கே.ஜி.கண்டிகையில் ஒருவர் வெயிலில் தக்கைப்பூண்டை மடக்கி உழுதுகொண்டிருக்கலாம் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தலை வைத்து அவரைக் கையெழுத்துப் போடாதே என்று தடுக்க எனக்கு உரிமை கிடையாது. சித்தப்பா சொன்னது நியாயமான வாதம்: "எவன் காசோ வரட்டும்டா. மண்ணு பொதபொதன்னு ஆனா தண்ணி நிக்கும். ஒரு தண்ணி மிச்சமானா எனக்கு அது போதும்." கிரெடிட் ஏமாற்றாகப் போனாலும் அந்தத் தண்ணீர் நிஜம். ஒழுக்கக் கேள்விகளை நகரத்தில் உட்கார்ந்து சுத்தமாக வைத்துக்கொள்வது சுலபம்.

அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான். எல்லையைத் தாண்டி நகரியில் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த மாநிலத்தில் 2016 முதல் அரசே இயற்கை வேளாண்மைத் திட்டம் நடத்துகிறது. மழைக்கு முன்னாலேயே பலவகை விதைகளைக் கலந்து விதைத்து மண்ணை வெறுமனே விடாமல் மூடி வைக்கும் முறையைப் பரப்புகிறார்கள். அங்கே போய் ஒரு நிலத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு வாங்க, அதில் சேர அனுமதிச் சீட்டு எதையும் விற்க வேண்டியதில்லை என்றேன். பிறகு அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், நிலம் கைமாறினால் யார் பொறுப்பு என்று எழுதிக் கேளுங்கள், பங்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

இந்தியாவில் தன்னார்வக் கார்பன் சந்தையில் விவசாயிகளைச் சேர்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறையை 2024 ஜனவரியில் வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. இப்படி ஆட்கள் ஊருக்கு வருவது இனி கூடும் என்றே நினைக்கிறேன். இருபது வருஷமாக எரிக்காமல் இருக்கிறவருக்கு என்ன என்ற கேள்வியையும் அவர்கள் ஒவ்வொரு ஊரிலும் சந்திப்பார்கள். பேஸ்லைன் என்று சொல்லித் தப்பிக்கலாம். பெரியப்பா அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்போ நான்தான் தரை, அவனுங்க மேல நிக்கறானுங்க" என்றார்.