மரித்தோரைக் குறித்தும் பொய்ச்சாட்சி வேண்டாம்



வீட்டில் ஒருவர் சடுதியாய் இறந்தால், “சுவாமி, உடலை அறுத்துப் பார்க்கிறது பாவமா?” என்று உங்களில் சிலர் அழுதுகொண்டே என்னிடம் கேட்டதுண்டு. பாவமல்ல. திருச்சபை பிரேத பரிசோதனையைத் தடுக்கவில்லை. உடலை மரியாதையோடு நடத்தவேண்டும் என்றே கேட்கிறது. ஆனாலும் அந்த மேசையை நினைத்தாலே பெற்ற வயிறு பதறும் என்பதை நான் அறியாதவனல்ல. ஆகையால் அந்த மேசையின்மேல் சில சமயம் என்ன காப்பாற்றப்படுகிறது என்பதை, அயர்லாந்து தேசத்தில் நடந்த ஒரு காரியத்தைக்கொண்டு சொல்கிறேன்.

1920ஆம் ஆண்டு நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்தில் போராட்டம் நடந்த காலம். அன்று காலை டப்ளின் நகரில் புரட்சிப் படையினர் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலரை அவர்கள் தங்கியிருந்த இடங்களிலேயே சுட்டுக் கொன்றார்கள். சிலர் படுக்கையைவிட்டு எழுந்த கோலத்தில், மனைவிமார் அருகிலிருக்கவே மடிந்தார்கள். இதை நான் மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் என் பிரசங்கமும் பொய்ச்சாட்சியாகும்.

அன்று பிற்பகல் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் திப்பரேரிக்கும் கேலிக் கால்பந்தாட்டம். (குரோக் என்பது ஒரு மேற்றிராணியாரின் பெயர்; அந்த மைதானத்துக்கே அவர் பெயர்தான்.) ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடியிருந்தார்கள். அரசாங்கப் போலீசார் உள்ளே புகுந்து சுட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். பதினான்கு பேர் மாண்டார்கள். சுவரின்மேல் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன்; மரத்திலேறி ஆட்டம் பார்த்த பதினொரு வயதுப் பையன்; இன்னும் சில நாளில் கலியாணம் முடிக்கவிருந்த ஒரு பெண். ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் புல்தரையில் விழுந்தபோது, வெக்ஸ்போர்டு வாலிபன் ஒருவன் அருகே முழந்தாளிட்டு அவர் காதில் உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னான் என்றும், சொல்லும்போதே அவனும் சுடப்பட்டான் என்றும் அவ்வூரார் சொல்லி வருகிறார்கள். பிரியமானவர்களே, அந்த மந்திரத்தை நாம் இராத்திரி செபத்தில் எவ்வளவு அவசரமாய்ச் சொல்லி முடிக்கிறோம்!

காயப்பட்டவர்களையும் இறந்தவர்களையும் ஜெர்விஸ் தெரு ஆஸ்பத்திரிக்கும், இரக்கத்தின் கன்னியர் நடத்திய மேட்டர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். இரக்கத்தின் மாதா என்பதே அந்த ஆஸ்பத்திரியின் பெயருக்குப் பொருள். அங்கே மருத்துவர்கள் உடல் உடலாய்ப் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். பதினாலு வயதுப் பையன் ஒருவனின் உடல் மிகவும் சிதைந்திருந்தபடியால், துப்பாக்கி முனை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்றே முதலில் எண்ணினார்கள். ஆனால் அவனைக் கொன்றது குண்டு. இறந்த பதினான்கு பேரில் இருவர் குண்டுபட்டுச் சாகவில்லை, நெரிசலில் மாண்டவர்கள். கோபத்தில் கொதித்த ஊருக்கு இந்த வித்தியாசங்கள் அற்பமாய்த் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்த பாவமே போதுமான பாரம். செய்யாததையும் அதின்மேல் ஏற்றுவானேன்?

மறைக்கப் பார்த்தவர்களின் கதை இதைவிட வருத்தமானது. அதே ஆண்டு மார்ச்சு மாதம் கார்க் நகர மேயர் தாமஸ் மக்கர்ட்டன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை செய்த ஜூரிமார், பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் உட்படப் பலர்மேல் கொலைக் குற்றத்தைச் சாட்டினார்கள். இப்படிப்பட்ட தீர்ப்புகள் வரவர, அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஊர் ஜூரிகளின் மரண விசாரணை போய், இராணுவ விசாரணை வந்தது. குரோக் பார்க்கில் இறந்தவர்களுக்காக அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் நடந்ததும் கதவடைத்த இராணுவ விசாரணையே.

அந்த விசாரணை, முதலில் சுட்டது கூட்டத்தினர் என்றது. அங்கிருந்த பலர் அதை மறுத்தார்கள். ஆயினும் அதே விசாரணை, போலீசார் யாருடைய கட்டளையுமின்றிச் சுட்டார்கள் என்றும், அளவுக்கு மிஞ்சிச் சுட்டார்கள் என்றும் எழுதிவைத்தது. எழுதினார்கள், பூட்டினார்கள். அந்தக் காகிதங்கள் பொதுஜனத்தின் கைக்கு வந்தது வெகுகாலத்துக்குப் பிறகே. ஏறக்குறைய எண்பது வருஷம்! பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனும் தாயும் அதற்குள் மண்ணாய்ப் போயிருப்பார்கள். 2015ஆம் ஆண்டு முதல்தான், அடையாளமில்லாமல் கிடந்த கல்லறைகளைத் தேடிப் பெயர் பொறித்த கல் நாட்டினார்கள்.

மரித்தோரை அடக்கம் செய்கிறது இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். குண்டு எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று கூசாமல் எழுதின மருத்துவனின் வேலையும் அதில் சேரும் என்றே நான் எண்ணுகிறேன். நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை, நாவு இருக்கிறது. கிணற்றில் விழுந்து இறந்த மருமகளைப்பற்றி, குடித்துச் செத்தான் என்று சொல்லப்பட்ட மகனைப்பற்றி, துஷ்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்டதையும் காணாததையும் பேசுகிறோம். அல்லது குடும்ப மானம் என்று சொல்லி, விசாரிக்க வேண்டியதை விசாரிக்க விடாமல் இரவோடிரவாய்ப் புதைக்கப் பார்க்கிறோம். இறந்தவன் எழுந்துவந்து மறுக்கமாட்டான் என்ற தைரியம் அல்லவா இது? எட்டாம் கற்பனைக்குக் கல்லறை வாசலில் விலக்கு உண்டென்று எந்த ஞானோபதேசத்தில் கண்டோம்?

இது உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். வெள்ளிக்கிழமைப் பூசையில் நம்முடைய மரித்தோரோடு, அந்த ஞாயிறு காலையில் மாண்டவர்களையும் பிற்பகலில் மாண்டவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன். பெயர்ப் பட்டியல் தருகிறவர்கள் வியாழக்கிழமை மாலைக்குள் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். “பெரிய பாட்டி”, “சின்ன மாமா” என்று எழுதாமல் ஞானஸ்நானப் பெயரை முழுமையாய் எழுதுங்கள். சர்வேசுரனுக்கு ஆள் தெரியும். பீடத்தண்டையில் நின்று வாசிக்கிற எனக்குத் தெரியாது.