வயிற்றில் முளைக்கும் முடியை நீக்கக் கூடுமா?

 

மயிலாடும்பாறையிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வருசநாட்டு மலையிலிருந்து இறங்கி வரும் மூல வைகையின் ஓரத்து ஊர் அது. இலவமும் தென்னையும் நிறைந்த பக்கம். பெயரையும் தெருவையும் நாம் வெளியிடவில்லை. விஷயம் இதுதான்: சகோதரிக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தொப்புளிலிருந்து அடிவயிறு வரை அவருக்குக் கறுத்த முடி கோடுபோல் வளர்ந்திருக்கிறது. உடை மாற்றும்போது அதைப் பார்த்துவிட்ட உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "தொப்புளுக்குக் கீழே முடி கிடந்தால் நாற்பது நாளைக்குள் எடுத்தாக வேண்டும், எடுக்காதவளுக்குத் தொழுகை கூடாது" என்று சொல்லிவிட்டார். பயந்துபோன பெண் கடையில் விற்கும் களிம்பை வாங்கித் தடவி, சொன்ன நேரத்துக்கு மேல் விட்டு, வயிற்றுத் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. புண்மேல் கத்தியும் வைக்க முடியாது, களிம்பும் தடவ முடியாது. தொழுகைதான் கூடாதே என்று ஒன்றரை மாதமாகத் தொழுகையையே விட்டுவிட்டாராம்!

இப்படியொரு விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தங்களைத் தடுக்கவிடாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். உம்மு சுலைம் (ரலி) அவர்கள் இதைவிடக் கூச்சமான மஸ்அலாவை நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திலேயே கேட்டுத் தெளிந்தார்கள். கேட்காமல் இருந்ததால் ஒரு பெண்ணின் தொழுகை போயிருக்கிறது. ஆகவே எழுதத்தான் வேண்டும்.

உடலில் முளைக்கும் முடியை நம் இமாம்கள் மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதலாவது, நீக்கும்படி ஏவப்பட்டவை. இயற்கைச் சுன்னத்துகள் ஐந்து என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் கத்னா, மறைவிட முடியைச் சிரைத்தல், மீசையைக் கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் முடியைக் களைதல் ஆகியவை எண்ணப்படுகின்றன. புகாரியிலும் முஸ்லிமிலும் இது வந்திருக்கிறது. இவற்றை நாற்பது நாளுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்று தவணை விதிக்கப்பட்டதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டாவது, எடுக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவை. ஆணின் தாடியும், அழகுக்காகப் பிடுங்கப்படும் புருவமும் இந்த வகை. மூன்றாவது, ஏவலும் இல்லை, விலக்கலும் இல்லை என்று ஷரீஅத் மௌனமாக விட்டவை. கை, கால், மார்பு, முதுகு, வயிறு எல்லாம் இதிலே அடங்கும்.

அப்படியானால் அந்தப் பெரியம்மா சொன்னது எங்கிருந்து வந்தது? அவர் கற்பனையாகச் சொல்லிவிடவில்லை. வெட்கத்தை முன்னிட்டு மறைவிட முடியைத் 'தொப்புளுக்குக் கீழ் முடி' என்று இடக்கரடக்கலாகச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். பிக்ஹு நூலிலும் அதற்கு ஒரு சாயல் உண்டு. ஔரங்கசீப் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், இந்த நாட்டிலேயே தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரீ என்ற ஹனபி மத்ஹபு நூல், மறைவிட முடியைச் சிரைக்கும்போது தொப்புளின் கீழிருந்து தொடங்க வேண்டும் என்கிறது. கத்தியை எங்கே தொடங்குவது என்பதே அங்கே பேச்சு. எந்த முடி கடமைக்குள் வருகிறது என்பதை இமாம் நவவி (ரஹ்) தெளிவாக வரையறுத்திருக்கிறார்கள். ஆண், பெண் மறைவிடத்துக்கு மேலும் அதைச் சுற்றியும் முளைப்பதுதான் அது. அதற்கு மேலே தொப்புளை நோக்கி ஏறும் மெல்லிய கோடு அந்தக் கணக்கில் சேராது. பேணுதலுக்காக ஒருவர் தொப்புளின் கீழிருந்தே எடுத்து வந்தால் அதுவும் நல்லதே. எடுக்காதவர் மீது குற்றமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எடுத்தே ஆகவேண்டிய மறைவிட முடியையே ஒருவர் நாற்பது நாள் கடந்தும் விட்டுவைத்தார் என்று வையுங்கள். அவர் கண்டிக்கத்தக்கவர்தான். ஆயினும் அவருடைய தொழுகை பாத்திலாகாது. முடி நஜீஸ் அல்ல. கடமையான குளிப்பில் தண்ணீர் முடியின் அடிவரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் சட்டம். முடியே இருக்கக்கூடாது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. சுன்னத்தைத் தவறவிட்டதையும் தொழுகை கூடாமையையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் சமுதாயத்தில் பரவலாக இருக்கிறது. பயமுறுத்தினால்தான் பெண்கள் கேட்பார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ!

வயிற்று முடி அசிங்கம் என்று சொல்வோர் ஒரு செய்தியைக் கேட்க வேண்டும். நாயகத் திருமேனியின் அங்க அடையாளங்களைத் தோழர்கள் ஆசையோடு மனனம் செய்து பின்னோருக்குச் சொன்னார்கள். இமாம் திர்மிதியின் ஷமாயில் நூலில், பெருமானார் (ஸல்) அவர்களின் நெஞ்சிலிருந்து தொப்புள் வரை மெல்லிய முடிக்கோடு ஒன்று ஓடியதாக அலீ (ரலி) அவர்களும் ஹிந்து இப்னு அபீஹாலா (ரலி) அவர்களும் வர்ணிக்கிறார்கள். ஹிஜ்ரி 5-ல் நடந்த அகழ்ப்போரை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து மண் சுமக்கிறார்கள். திருவயிற்றின் தோலே தெரியாதபடி புழுதி மூடிக்கொள்கிறது. அன்னாருக்கு முடி அதிகமாக இருந்தது என்பதையும் சேர்த்தே பரா இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் வந்துள்ள செய்தி இது. தோழர்கள் முஹப்பத்தோடு பார்த்துப் பதிந்து வைத்த ஒன்றை நாம் அசிங்கம் என்று சொல்லலாமா?

சரி, நீக்க விரும்பினால்? கூடும். நெய்யைப் பற்றியும் பாலாடைக்கட்டியைப் பற்றியும் கேட்கப்பட்டபோது, அல்லாஹ் ஆகுமாக்கியது ஹலால், விலக்கியது ஹராம், சொல்லாமல் விட்டது அவன் மன்னித்துவிட்டது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) விடையளித்ததாக ஸல்மான் (ரலி) வழியாக ஒரு ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. வயிற்று முடி அந்த மூன்றாவது வகைதான்.

ஆண்களைப் பொறுத்தவரை, மார்பு முடியையும் முதுகு முடியையும் சிரைப்பது ஒழுங்கை விடுவது என்று ஆலம்கீரீ எழுதுகிறது. பாவம் என்று எழுதவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்து வாரந்தோறும் நெஞ்சையும் வயிற்றையும் வழித்துக்கொள்ளும் நம் வாலிபர்கள் இதை அறிந்துகொண்டால் போதும். நாம் தடியெடுக்கப் போவதில்லை.

பெண்களுக்கு இன்னும் விசாலம் உண்டு. அழகுக்காக முகமுடியைப் பிடுங்குவோரைச் சபிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னபோது உம்மு யஃகூப் என்ற பெண்மணி நேரில் வந்து வாதாடிய செய்தி பிரபலமானது. அந்த ஹதீஸை உடம்பு முழுவதற்கும் இழுத்து, கையில் காலில் உள்ள முடியையும் தொடக்கூடாது என்று சொல்வோர் இருக்கிறார்கள். நமது இமாம்களில் பெரும்பாலோர் அதை முகத்தோடும் புருவத்தோடும் நிறுத்துகிறார்கள். பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை நீக்குவது முஸ்தஹப்பு என்றே இமாம் நவவி (ரஹ்) கூறுகிறார்கள். முகத்திலேயே இப்படியென்றால் யாரும் பார்க்காத வயிற்றில் என்ன தடை?

நீக்கும் வழியில்தான் கவனம் வேண்டும். சுண்ணாம்பும் தாளகமும் குழைத்த 'நூறா' என்ற பூச்சைப் பழைய பிக்ஹு நூல்கள் அனுமதித்திருக்கின்றன. தாளகம் பாஷாணச் சரக்கு என்பதால் இன்று யாரும் அதை நாட வேண்டாம். கடைக் களிம்பை முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்த பின்பே வயிற்றில் தடவ வேண்டும். சீட்டில் போட்டிருக்கும் நிமிஷத்துக்கு மேல் விடலாகாது. மழித்தால் தடித்து வளரும் என்பது பேச்சுதான். வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. அழகு நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு முன்னாலும் இன்னொரு பெண்ணின் தொப்புளுக்குக் கீழ் முழங்கால் வரை அவ்ரத்தே. அங்கே பிறர் கைவைக்க இடம் கொடுக்கலாகாது. கணவன், மனைவிக்கு அந்தத் தடையில்லை.

மார்க்கம் ஒருபுறம் இருக்க, இது உடல்நலத்தையும் தொட்ட விஷயம். பெண்ணுக்கு ஆணைப்போல் முடி வளர்வதை அளவிட, வைத்தியர்கள் ஒன்பது இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மேல்வயிறும் அடிவயிறும் அவற்றில் இரண்டு. கர்ப்ப காலத்தில் வயிற்றில் முளைப்பது பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகவே உதிர்வதுண்டு. ஆனால் முடி கறுத்துத் தடித்து, ஹைளும் மாதம் தவறி வருமானால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். கொஞ்ச காலத்துக்குள் மளமளவென்று முளைத்து, குரலும் கட்டைக் குரலானால் தாமதிக்கவே கூடாது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. மயிலாடும்பாறையிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். பெண் டாக்டரிடம் வயிற்றைக் காட்டுவது சிகிச்சைக்கான தேவை என்பதால் கூடும். வெந்த புண்ணையும் அப்படியே காட்டிவிடலாம். மருந்து கொடுத்தால் பலன் தெரிய ஆறு மாதம் வரை பிடிக்கும். இரண்டு மாதத்தில் விட்டுவிட வேண்டாம்.

வயிற்றில் ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே பிளேடால் வழித்துக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். சவரம் செய்வதால் தோலில் நுண்ணிய கீறல்கள் விழுந்து புண் சீழ்பிடிக்க இடமாகிறது. ஆதலால் முடியை எடுக்காமல் விடவேண்டும், எடுத்தே ஆகவேண்டுமானால் கத்தரிக்கும் இயந்திரத்தால் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் நெறிமுறை வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்கிறபடி செய்வதே சரி. இஹ்ராமில் இருப்பவர் வயிற்று முடி உட்பட எதையும் நீக்கக் கூடாது என்பதும், குர்பானி கொடுக்க இருப்பவர் துல்ஹஜ் பிறை 1 முதல் அறுக்கும் வரை முடியும் நகமும் எடுக்காமல் இருப்பது நல்லது என்பதும் தெரிந்ததே.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பயணத்திலிருந்து மதீனாவை நெருங்கியபோது உடனே வீடுகளுக்குள் நுழையவிடாமல் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை நிறுத்தினார்கள். கலைந்த தலையோடு இருப்பவள் வாரிக்கொள்ளட்டும், கணவன் வெளியே போயிருந்தவள் முடியை நீக்கித் தயாராகட்டும் என்பதற்காக என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். திடீரென்று உள்ளே நுழைந்து மனைவியின் உடம்பில் குறை காணக்கூடாது என்பதில் அவ்வளவு பேணுதல்! திருமணத்துக்கு முன்னாலேயே ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்து அடுக்களையில் உட்கார்ந்து பேசுவது எந்தச் சுன்னத்தில் சேர்ந்தது? ஒரு குணம் பிடிக்காவிட்டால் இன்னொரு குணம் பிடிக்கும், முஃமினான பெண்ணை முஃமினான ஆண் வெறுக்க வேண்டாம் என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளைக்கு அதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

இனி அந்தச் சகோதரிக்கு. புண் ஆறும் வரை முடி அப்படியே இருக்கட்டும். புண்ணில் தண்ணீர் பட்டால் கெடுதி என்று டாக்டர் சொன்னால், குளிக்கும்போது அதன் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளுங்கள்; அதுவும் தீங்கானால் அந்த இடத்தை விட்டுவிடலாம். இந்தக் கடிதம் கைக்கு வந்த வக்திலிருந்தே தொழத் தொடங்குங்கள். விடுபட்ட ஒன்றரை மாதத்தில் ஹைளுடைய நாட்களைக் கழித்துவிடுங்கள். அவற்றுக்குக் களா இல்லை. மீதி நாட்களுக்கு ஐந்து பர்ளும் வித்ரும், ஆக நாளொன்றுக்கு 20 ரகஅத் களா உண்டு. விடுபட்டவை ஐந்து வக்துக்கு மேற்பட்டுவிட்டதால் ஹனபி மத்ஹபுப்படி வரிசை பேண வேண்டியதில்லை. சுபுஹுத் தொழுததும் ஒரு களா சுபுஹு, லுஹர் தொழுததும் ஒரு களா லுஹர் என்று சேர்த்துக்கொண்டே வந்தால், எத்தனை நாள் விட்டீர்களோ அத்தனை நாளில் தீர்ந்துவிடும். இடையில் ஹைளு வந்தால் அந்த நாட்களை விட்டுப் பின்னர் தொடருங்கள்.