கற்றோர் பட்ட கடன்

அறிவு யாருக்குச் சொந்தம்? தேடிக் கண்டவனுக்கா, தேடியவனுக்கு வழி காட்டியவனுக்கா, மானிட குலம் முழுவதற்குமா? நம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்லும் இக்காலத்தில், இக்கேள்வி அறிஞர் அவைக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

பழனி மலைத்தொடர் நெடுங்காலமாகவே ஆய்வாளரை ஈர்த்த மலை. 1895-இல் இயேசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்தது. 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியது. இயேசு சபைத் தாவரவியலார் கே.எம். மேத்யு அடிகளார் பல்லாண்டு உழைத்து, இம்மலைத் தாவரங்களை மூன்று தொகுதிகளில் பதிவு செய்து 1999-இல் வெளியிட்டார். மன்னவனூரில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் உள்ளது. அதற்கும் அப்பால், மலைச்சரிவில் படிக்கட்டாய் இறங்கும் வயல்களோடு இருக்கிறது கவுஞ்சி. இப்பகுதியின் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

அந்தக் கவுஞ்சியில், பூண்டு பயிரிடும் மூதாட்டி ஒருவரிடம் ஆய்வு மாணவி ஒருத்தி வினாப்படிவத்துடன் அமர்வதாக எண்ணிப் பார்ப்போம். எந்தப் பல்லை விதைக்கு ஒதுக்குவது, எதைப் புகையில் தொங்கவிடுவது என்பவற்றையெல்லாம் மூதாட்டி ஒளிக்காமல் சொல்கிறார். மாணவி நன்றி கூறி விடைபெறுகிறாள். ஆய்வேடு ஆங்கிலத்தில் உருவாகிறது. மூதாட்டி அதில் ‘தகவலாளர் எண் 14’ ஆகிறார். மாணவிக்குப் பட்டம் கிடைக்கிறது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று தீர்க்கப்படாமல் நிற்கிறது அன்றோ?

தூய தோமா அக்குவினா கற்றலார்வத்தைத் தன்னடக்கம் என்னும் நற்பண்போடு சேர்த்துப் பேசுகிறார். அதற்கு எதிராக அவர் வைப்பது முறைதவறிய அறிவு வேட்கையை. உண்மையை அறிவது எப்போதும் நன்றே. ஆனால் செருக்குக்காக அறிவதும், தகாத நோக்கத்துக்காக அறிவதும் தீங்காகும் என்பது அவர் தெளிவு. எனவே ‘எதைக் கண்டாய்?’ என்பதோடு ‘எதற்காகத் தேடினாய்?’ என்றும் ஆய்வாளரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் அண்டை மாநிலத்தில் நடந்ததை நோக்குவோம். 1987-இல் அகத்தியர் மலைக் காடுகளில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலார் களைத்துப்போக, வழிகாட்டிகளாய் வந்த காணி பழங்குடியினர் ஒரு கனியைத் தின்று சோர்வின்றி நடந்தனர். முதலில் தயங்கியவர்கள் பின்னர் அச்செடியைக் காட்டினர். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவானது. 1995-இல் அதன் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது, வரும் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்கத் திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது; 1997-இல் அம்மக்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. குறைகள் இல்லாமல் இல்லை. தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று அம்மக்களுள் ஒரு சாரார் வருந்தினர். செடி சேகரிப்பும் வனத்துறைத் தடைகளைச் சந்தித்தது. எனினும், அறிவைக் கொடுத்தவருக்கும் உரிமையில் பங்குண்டு என்னும் நீதி அங்கே ஏற்கப்பட்டது.

‘உதவித்தொகையும் ஒழுங்காய்க் கிடைக்காத ஏழை மாணவர் எதைக் கொடுப்பார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் எல்லாக் கடனும் பணக்கடன் அன்று. விரும்பினால் அம்மூதாட்டியின் பெயரைக் குறிப்பிடலாம். கண்டறிந்ததைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி ஊருக்கு எடுத்துச் சென்று வாசித்துக் காட்டலாம். ‘இப்படி நான் சொல்லவில்லையே’ என்று அவர் திருத்தினால், அத்திருத்தத்தை ஏற்கலாம். இதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் பொழுதும் போதும்.

இங்கே மற்றோர் உண்மையையும் நாம் மறைத்தலாகாது. ஆய்வு மாணவர் பலருடைய வாழ்வே தனிமையில் கழிகிறது. ஆறு ஆண்டு வரை நீளக்கூடிய ஆய்வுக்காலத்தில், நெறியாளரின் ஒரு கையொப்பத்தில் அவர்களின் எதிர்காலம் தொங்குகிறது. சில இடங்களில் ஆய்வுக்குச் சம்பந்தமற்ற வேலைகளும் அவர்கள் தலையில் விழுகின்றன. உடன் பயின்றோர் வேலைக்குப் போய் மணமுடித்துவிட, ‘இன்னும் படிப்பு முடியவில்லையா?’ என்று உறவினர் கேட்கும் கேள்வி முள்ளாய்த் தைக்கிறது. தன்னையே ஒரு கருவியாக நடத்தும் வளாகத்தில் வளர்ந்தவர், கிராமத்து மூதாட்டியை மட்டும் மனிதராக மதிப்பது எப்படி? வளாகத்தில் கற்ற உறவே வயலிலும் தொடரும்.

இடைக்கால ஐரோப்பாவில் ‘பல்கலைக்கழகம்’ என்பதற்கு வழங்கிய இலத்தீன் சொல் கட்டடத்தைக் குறித்ததன்று. ஆசிரியரும் மாணவரும் கூடிய சங்கத்தைக் குறித்தது. உறவு முதலில், கட்டடம் பின்னர். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிடலாகாது.

ஆகவே, நெறியாளராய் இருப்போரே, உங்கள் மாணவர் உங்களுக்குக் கடன்பட்டிருப்பதுபோல் நீங்களும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்பதை உணருங்கள். பெற்றோரே, பிள்ளை விடுமுறைக்கு வரும்போது பட்டம் எப்போது என்று கேட்குமுன், அங்கே உன்னோடு பேச யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வு செய்யும் இளையோரே, கவுஞ்சியிலோ வேறெங்கோ ஓர் எளிய வீட்டுத் திண்ணையில் நீங்கள் பெற்றதை எழுதி வையுங்கள்; எழுதியதை அவ்வீட்டாருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அதைக் கேட்டுத் தலையசைத்தால், உங்கள் ஆய்வு தேர்வாளரின் மதிப்பெண்ணுக்கு முன்பே ஏற்பைப் பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.