விலையும் ஒலியும்

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்பொழுது அழுத்திப் பார்க்கிறோம். காம்பு வாடியிருக்கிறதா என்று நோக்குகிறோம். கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் கேட்டு, ‘இது மிகுந்த விலையுடையது, ஆதலின் நல்ல காய்’ என்று முடிவு செய்வதில்லை. இசைக்கருவி என்று வந்துவிட்டாலோ, அதனைச் சோதித்தறியும் பயிற்சி நம்மில் பலருக்கு இல்லாமையால், விலைச்சீட்டையே நீதிபதியாக்கி விடுகிறோம்.

கித்தாரை எடுத்துக்கொள்வோம். 300 வெள்ளிக்கும் கிடைக்கிறது. 30,000 வெள்ளிக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் தந்திகள் ஆறுதாம். நூறு மடங்கு விலை கொடுப்பவர் நூறு மடங்கு இனிமையைப் பெறுகின்றாரா? இஃது இசை பற்றிய வினா மட்டுமன்று. ஒரு பொருளின் தகுதி அப்பொருளிலேயே இருக்கிறதா, அல்லது அதனை நாடுவோரின் உள்ளத்தில் இருக்கிறதா என்னும் பழைய வழக்கும் இதனுள் அடங்கியுள்ளது.

2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ஒரு பகுதியைச் சோதித்தனர். ஒரே பட்டறையில் செய்த ஆறு கித்தார்கள். அமைப்பில் அனைத்தும் ஒன்றே; முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்கள். மலிவான மரமும் இருந்தது. கிடைத்தற்கரிய பிரேசில் ஈட்டியும் இருந்தது. மரத்தைக் கண்டுகொள்ளாதபடி, 52 கலைஞர்கள் பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடியுடன் மங்கிய ஒளியில் வாசித்தனர். அவர்கள் தந்த மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண் மறைந்தவுடன் மரத்தின் பெருமையும் மறைந்தது. இதனை ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் முன்னரே உணர்ந்திருந்தார் போலும். 1862இல் அவர் காகித அட்டையால் முதுகும் பக்கமும் அமைத்து ஒரு கித்தார் செய்தார். மேற்பலகையைத்தான் நல்ல மரத்தில் செய்தார். அக்கருவி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அப்படியாயின் விலையுயர்ந்த கருவியெல்லாம் ஏமாற்று என்று கூறலாமா? கூடாது. அது மறுகோடிக்கு ஓடுவதாகும். கித்தாரின் தந்தி நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய நீளத்தில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கைக் குறைத்து அமைய வேண்டும். ஒரு மெட்டு மயிரிழை பிறழ்ந்தாலும் சுரம் பிறழும். தந்தி பலகையினின்று மிக உயர்ந்திருந்தால், அழுத்தும்பொழுது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். விரல் நுனியும் புண்படும். முறுக்காணி நெகிழ்ந்தால் பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கும். மிக மலிவான கருவிகள் பலவற்றில் இக்குறைகள் உண்டு. இவற்றைக் களைவதற்கு அருமையான மரம் வேண்டுவதில்லை. பொறுமையான கை வேண்டும். அந்தக் கைக்கு உரிய கூலியைக் கொடுப்பது நேர்மை. அதனை ஆடம்பரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அந்த எல்லையைக் கடந்த பின்னர் நாம் கொடுக்கும் பணம் வேறு எதற்கோ போகிறது. பிரேசில் ஈட்டி மரத்தின் வணிகத்தை 1992இல் அனைத்துலக உடன்படிக்கை கடுமையாகத் தடுத்தது. அதற்கு முன்னரே, 1969இல், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறிவிட்டது. தென்னிந்திய மலைக்காடுகளில் வளரும் ஈட்டி இதுவே. காடு குறையக் குறையப் பிரேசில் மரத்தின் விலை ஏறியது; குரல் ஏறவில்லை. 2020இல் கர்ட் கோபேன் என்னும் மறைந்த பாடகரின் கித்தார் 60 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அவ்விலை ஒலிக்கன்று, நினைவுக்கு. நினைவுக்கு விலை கொடுப்பதும் குற்றமன்று. தம் தாத்தாவின் கைக்கடிகாரத்தைப் போற்றாதார் யார்? ஆனால் நினைவை வாங்கிவிட்டு இசையை வாங்கியதாக எண்ணுவதுதான் பிழை.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வினா வேறொரு வகையில் நெருக்கமானது. வசதியில்லாப் பெற்றோர் தம் பிள்ளைக்குக் கிடைத்த விலையில் ஒரு கித்தார் வாங்கித் தருகின்றனர். மூன்று மாதத்தில் பிள்ளை அதனைச் சுவரில் சாய்த்துவிடுகிறான். “இவனுக்கு இசை வராது” என்று வீடும் பள்ளியும் தீர்ப்பளிக்கின்றன. குறை விரலிலா, மரத்திலா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பிள்ளையும் அத்தீர்ப்பை நம்பிவிடுகிறான். மலிவுக் கருவி பறித்துச் செல்லும் அந்தத் தன்னம்பிக்கையை எந்த விலைச்சீட்டிலும் காண இயலாது.

ஆதலின் அக்கருவியை ஆசிரியர் ஒருமுறை தம் கையில் வாங்கிப் பார்க்கட்டும். புதிய தந்தியைக் கட்டி, முதலில் அதனை அழுத்தாமல் மீட்டட்டும். பின்னர் 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டட்டும். அதே சுரம் மேல் ஸ்தாயியில் துல்லியமாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் பிழை கருவியுடையது. குதிரையின் மேலுள்ள சிறு துண்டைத் தேய்த்துத் தந்தியின் உயரத்தைக் குறைத்தாலே பல கருவிகள் திருந்தும். பழுது பார்ப்பவருக்கு அது நெடுநேர வேலையன்று.