கற்றவன் கடன்

சட்டம் கற்பது தன் பிழைப்புக்கா, பிறர் உரிமைக்கா? ஈராண்டுச் சட்டவியல் பட்டயக் கல்வியை மேற்கொள்ளும் மாணவன்முன் நிற்கும் வினா இது.

அக்கல்வி அவனுக்குக் கறுப்பு அங்கியைத் தராது. உரிய தகுதி பெறாதவர் வழக்குரைஞராகச் செயற்படுவதை, மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழிற் சட்டம் குற்றமென விலக்குகிறது. அவ்வாறாயின் ஈராண்டுக் கல்வியின் பயன் யாது?

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங், லாபிஸ், சிகாமாட் வட்டாரத் தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். பால்மரங்களுக்கிடையே 25 ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஆட்குறைப்புக்கு ஆளாகிறார் என்று கொள்வோம். ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணிசெய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் தரப்படவேண்டும் என்பது 1980ஆம் ஆண்டு விதி. அவருக்கு உரியது 500 நாள் ஊதியம். அதனை அறியாது, சிறுதொகை பெற்று, படிக்கவியலாத தாளில் அவர் கைந்நாட்டு வைத்தால் என்னாகும்? உரிமை ஏட்டில் இருக்கும். கேட்பாரின்றிக் கைக்கு வந்து சேராது.

அத்தாளைப் படித்துப் பொருள் சொல்லவும், தொழிலாளர் இலாகாவுக்கு வழிகாட்டவும் ஈராண்டுக் கல்வி போதும். அதற்குமேல் வழக்கின் வெற்றி தோல்வியை உறுதிகூற அது போதாது. அங்கே, "இதற்கு வழக்குரைஞரை நாடுங்கள்" என்று சொல்லும் துணிவு வேண்டும்.

அறிந்ததைச் சொல்லாது வாளாவிருப்பது ஒரு குற்றம்; அறியாததை அறிந்ததுபோற் சொல்வது மற்றொரு குற்றம். முன்னது ஏழையைக் கைவிடுகிறது; பின்னது அவரை ஏமாற்றுகிறது. இவ்விரண்டையும் தவிர்க்கக் கற்றவனே சட்டம் கற்றவன். பட்டயம் அவன் படித்ததற்குச் சான்று. அவன் அறத்திற்குச் சான்று, அவனை நம்பித் தாளை நீட்டும் கை.